பாப்ஸ்: நிலைத்த மாசா, மக்காத நஞ்சா?

‘நீடித்த இயற்கை மாசுகள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். மூலச்சொல் ‘பெர்சிஸ்டன்ட் ஆர்கானிக் பொல்யூட்டன்ட்ஸ்’, சுருக்கமாக ‘பாப்ஸ்’: எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் உடலிலும் சேரும் நச்சு வேதிப்பொருள்கள். இவற்றை ஒழிக்கவும் குறைக்கவும் 2001 மே மாதம் ஸ்டாக்ஹோமில் ஏற்கப்பட்டு 2004இல் நடப்புக்கு வந்த உடன்படிக்கையால் உலகச் சட்டமொழியில் ஊன்றிய சொல் அது. இந்தியா 2006இல் அதில் இணைந்தது.

‘இயற்கை’ என்பது தப்பு. சந்தையில் ஆர்கானிக் கத்தரிக்காய் என்றால் மருந்தடிக்காத காய். வேதியியலில் சங்கதியே வேறு. உயிருள்ளவற்றிடம் கிடைக்கும் பொருள்கள் தனிச்சாதி என்று நம்பிய காலத்தில் வைத்த பெயர் ஆர்கானிக். 1828இல் ஜெர்மன் வேதியியலர் வோலர் சிறுநீரில் உள்ள யூரியாவை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்ட, நம்பிக்கை ஆட்டம் கண்டது, பெயர் தங்கிவிட்டது. இன்று அதற்குக் கார்பன் சேர்மம் என்பதே பொருள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கரி’யிலிருந்து ‘கரிம’ என்று எடுத்துக்கொண்டது நல்ல தெளிவு. இலங்கையில் ‘சேதன’ என்பார்கள். சேதனம் என்றால் உணர்வுள்ளது. அங்கே சேதனப் பசளையும் உண்டு, சேதன இரசாயனமும் உண்டு. அந்தக் கணக்கில் பூச்சிகொல்லியான டி.டி.டி.யும் சேதனம்தான்!

‘நீடித்த’ தப்பில்லை, பொருந்தவில்லை. ‘பெர்சிஸ்டன்ட்’டின் லத்தீன் வேருக்கு விடாமல் நிற்பது என்று பொருள், ‘நிலைத்த’, ‘நீடித்த’ இரண்டும் அகராதிக்கு ஒத்துப்போகும். ஆனால் தமிழில் இரண்டுமே வாழ்த்துகிற சொற்கள். நிலைத்த புகழ், நீடித்த ஆயுள் என்று பழகிய காதில் ‘நிலைத்த மாசு’ உறைக்காது. உடன்படிக்கையோ இதற்கு அளவே வைத்திருக்கிறது: ஒரு பொருள் பட்டியலில் ஏற, அதில் பாதி சிதைவதற்கு நீரில் 2 மாதத்துக்கு மேலோ, மண்ணில் 6 மாதத்துக்கு மேலோ ஆக வேண்டும். அதோடு உடலில் சேர வேண்டும், தொலைதூரம் பரவ வேண்டும், தீங்கும் செய்ய வேண்டும். டிரான்ஸ்பார்மர் எண்ணெயாக ஊற்றிய பி.சி.பி. என்ற வேதிப்பொருள், அதைத் தயாரிக்கும் ஆலையே இல்லாத ஆர்க்டிக்கில் வாழும் இனூயிட் பழங்குடித் தாய்மாரின் பாலில் இருந்தது. காற்றிலும் கடலிலும் போய், மீனில் ஏறி, சீல் என்ற கடல் விலங்கின் கொழுப்பில் தங்கி, அதைத் தின்றவர்களிடம் வந்து சேர்ந்தது.

எனக்குப் பிடித்த சொல் குப்பை வண்டியில் இருக்கிறது. “மக்குறது தனி, மக்காதது தனியா குடுங்கம்மா” என்று தினம் காலையில் வாசலில் கேட்கிறோமே, அதிலிருந்து ‘மக்காத நஞ்சு’. சட்ட ஆவணத்துக்கு ‘சிதையாக் கரிம மாசு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சங்கடம் உண்டு. மக்காத குப்பை என்றதும் மறுசுழற்சி நினைவுக்கு வரும். இங்கே நேர்மாறு. இந்த நஞ்சு கலந்த கழிவில், நஞ்சை அழிக்க வேண்டும் அல்லது மீளாதபடி மாற்ற வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு. பழைய டி.வி.யின் பின்மூடியில் தீப்பிடிக்காமலிருக்கப் புரோமின் சேர்மம் கலந்திருப்பார்கள். அந்த மூடியை உருக்கிப் பொம்மை வார்த்தால், சேர்மமும் பொம்மையோடு குழந்தை வாய்க்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, கழிவில் ஒவ்வொரு நஞ்சும் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு போட்டிருப்பது இதற்காகத்தான்.

‘ஃபாரெவர் கெமிக்கல்ஸ்’ வேறு. 2018இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசஃப் ஆலன் வாஷிங்டன் போஸ்ட் கட்டுரையில் வைத்த பெயர் அது. கார்பனும் ஃபுளூரினும் இறுகப் பிணைந்த பி.எஃப்.ஏ.எஸ். என்ற வேதிப்பொருள் குடும்பத்தைக் குறிக்கும். அதில் சில மட்டுமே ஸ்டாக்ஹோம் பட்டியலில் உள்ளன. ‘என்றென்றும் வேதிப்பொருள்’ என்றால் கல்யாணப் பத்திரிகை வாடை அடிக்கிறது. ‘அழியா வேதிப்பொருள்’ போதும்.

ஸ்டாக்ஹோமின் முதல் பட்டியலில் 12 பெயர்கள். எண்டிரின், ஆல்ட்ரின், டி.டி.டி. என்று அவற்றில் 9 பூச்சியையும் பூஞ்சையையும் கொல்ல அடித்தவை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்ஃபான் 2011இல் சேர்ந்தது. இத்தனை நஞ்சுக்கும் நம் வயற்காட்டில் ஒரே பெயர்தான்: மருந்து.