மை படாத இடம்தான் விளக்கு

பெத்லகேம் பிறப்புத் தேவாலயத்தின் அடியில் ஒரு குகை இருக்கிறது. இயேசு பிறந்த இடம் அதுதான் என்பது நம்பிக்கை. 1839-ல் அங்கே போன ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் அந்தக் குகையை வரைந்தார். லண்டனில் லூயி ஹேக் என்ற அச்சுக் கலைஞர் அதைக் கல்லில் வரைந்து கல்லச்சுப் படமாக்கினார், அதாவது லித்தோகிராஃப். ஹேக்குக்கு வலது கை ஊனம். எல்லாம் இடது கை வேலை. போதாக்குறைக்கு, கல்லில் இடம் வலமாக மாற்றித்தான் வரைய வேண்டும்.

கல் என்றால் சாதாரணக் கல் இல்லை. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல், மாவு போல நுண்ணியது. (ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவையின் புதைபடிவம் கிடைத்ததும் இதே கல்லில்தான். அதன் அறிவியல் பெயரில் வரும் 'லித்தோகிராஃபிகா' இந்த அச்சைத்தான் குறிக்கிறது.)

கல்லை மணல் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். அதன்மேல் மெழுகு, கொழுப்பு, சோப்பு, கரி கலந்த குச்சியால் வரைய வேண்டும். குச்சியிலுள்ள கொழுப்பு சுண்ணாம்போடு வினைபுரிந்து கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து, துளி நைட்ரிக் அமிலம் கலந்த பிசின் கரைசலைப் பூசினால், வரையாத இடமெல்லாம் தண்ணீரை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். இனிமேல் கல்லை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் மையை உருட்டினால் போதும். ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், கொழுப்புள்ள இடம் வாங்கிக்கொள்ளும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பதை மட்டும் நம்பி நடக்கிற அச்சு.

சரி, ஒரே கறுப்பு மையில் குகையின் மங்கலான இருட்டு எப்படி வந்தது? பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறமே இருக்காது, ஒழுங்கில்லாத கறுப்புப் புள்ளிகள்தான். லேசாகத் தேய்த்தால் குச்சி, கல்லின் மேடுகளை மட்டும் தொடும். அழுத்தினால் பள்ளமும் நிரம்பும்.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது குகையில் எரியும் விளக்குகள். இந்த வகைப் படத்துக்கு இன்னொரு கல்லும் உண்டு. அது காகிதம் முழுக்க வெளிர்பழுப்பைப் பூசும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் அந்தக் கல்லின் கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அங்கே எந்த மையும் படாது, காகிதத்தின் சொந்த வெள்ளை எட்டிப்பார்க்கும். சுற்றியுள்ள பழுப்பால் அது நம் கண்ணுக்கு இன்னும் பிரகாசமாகத் தெரியும்.

தேவையான பிரதிகள் வந்ததும் கல்லை மறுபடி மணல் போட்டுத் தேய்ப்பது அன்றைய அச்சகங்களின் வழக்கம். படம் போய்விடும், கல் அடுத்த வேலைக்குத் தயார்.