அனாக்சிக் டேங்குக்குக் காற்று அடிக்காதீர்கள்

இன்னொரு அபார்ட்மென்ட், அதே புகார். எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கிளாரிஃபையரில், அதாவது கசடு அடியில் படிய வேண்டிய தொட்டியில், ஸ்லட்ஜ் (பாக்டீரியாக் கசடு) கட்டி கட்டியாக மிதக்கிறது, தண்ணீர் கலங்கலாக வருகிறது. "காற்று பத்தலை" என்று அசோசியேஷனே முடிவு செய்து, ஸ்டாண்ட்பையில் இருக்க வேண்டிய, காற்றடிக்கும் புளோயரையும் சேர்த்து இரவு பகலாக ஓடவிட்டு, போதாக்குறைக்கு, காற்று அடிக்கவே கூடாத அனாக்சிக் டேங்கிலும் ஒரு காற்றுக் குழாயை இறக்கியிருக்கிறார்கள். ஏன் சார் என்று கேட்டால், "பாக்டீரியா மூச்சுவிட வேண்டாமா?"

விடும். ஆக்சிஜன் இல்லாமலும் விடும். எத்தனை முறைதான் சொல்வது!

காற்று அடித்தால் கழிவுநீரின் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும். அவ்வளவுதான். நைட்ரஜன் தண்ணீரை விட்டு எங்கும் போகவில்லை, வேறு உருவத்தில் அங்கேயே இருக்கிறது. அதற்கப்புறம் நீங்கள் ஒரு மணி நேரம் அடித்தாலும் ஒரு நாள் முழுக்க அடித்தாலும் நைட்ரேட் நைட்ரேட்டாகவே நிற்கும், கரண்ட் பில்தான் ஏறும். அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுபவை பாராகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள். அவை ஆக்சிஜனையும் சுவாசிக்கும், நைட்ரேட்டையும் சுவாசிக்கும். ஆனால் ஆக்சிஜனில் ஆற்றல் அதிகம் என்பதால் அது கிடைக்கிறவரை நைட்ரேட்டைச் சீண்டாது. உள்ளே எஃப்.என்.ஆர். வகைப் புரதம் ஒன்று இரும்பு-கந்தகக் கொத்தோடு இருக்கிறது. ஆக்சிஜன் பட்டதும் கொத்து சிதையும், புரதத்தால் டி.என்.ஏ.வைப் பிடிக்க முடியாது, நைட்ரேட்டைச் சிதைக்கும் நொதிகளின் ஜீன்கள் விழிக்காது. குழாயை இறக்கி நீங்கள் செய்தது இதைத்தான்.

நைட்ரேட் படிப்படியாக மாறும் வரிசை இது: நைட்ரேட், நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, கடைசியில் நைட்ரஜன். படிக்கொரு நொதி. கடைசிப் படிக்கான நாஸ்-இசட் நொதிக்குத் தாமிரம் வேண்டும், ஆக்சிஜன் என்றால் அதற்கு ஆகவே ஆகாது. அரைகுறைக் காற்றில் முந்தைய படிகள் ஓடி இது மட்டும் படுத்துவிட்டால் வெளியேறுவது நைட்ரஸ் ஆக்சைடு. 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமேற்றும் வாயு அது.

சரி, ஸ்லட்ஜ் ஏன் மிதந்தது? அனாக்சிக்கில் குறையாத நைட்ரேட் கிளாரிஃபையருக்கு வந்தது. அங்கே காற்று கிடையாது, ஸ்லட்ஜும் நாள்பட அடியில் கிடந்தது. பாக்டீரியா அங்கே வேலையைத் தொடங்கி, நைட்ரஜன் குமிழிகள் ஸ்லட்ஜைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டன. நீங்கள் காற்றைக் கூட்டக் கூட்ட இன்னும் மிதக்கும்.

பாக்டீரியா பவுடர் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். விற்கிறவர்கள் பிழைக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஜீன்கள் உங்கள் கழிவுநீரிலேயே ஏராளமாக இருக்கின்றன, அவை வேலை செய்ய இடம் கொடுங்கள், போதும். அனாக்சிக்கில் மிக்ஸர் மட்டும் ஓடட்டும், டி.ஓ., அதாவது நீரில் கரைந்த ஆக்சிஜன், லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும். காற்றடிக்கும் ஏரேஷன் டேங்கில் 2 இருந்தால் தாராளம். புதுக் கழிவுநீர் முதலில் அனாக்சிக்குக்குத்தான் வர வேண்டும், ஏனென்றால் ஒரு கிராம் நைட்ரேட்-நைட்ரஜனை நீக்க, ஆக்சிஜன் கணக்கில் குறைந்தது 2.86 கிராம் கரிமப்பொருள் இரையாகத் தேவை. நேரே ஏரேஷனில் விட்டு அந்த இரையை எரித்துவிட்டு அப்புறம் வெல்லம் கரைத்து ஊற்றாதீர்கள். ஏரேஷனில் உண்டான நைட்ரேட்டை அனாக்சிக்குக்குத் திருப்பி அனுப்பும் ரீசர்குலேஷன் பம்ப்பை "சும்மா ஓடுது" என்று அணைக்காதீர்கள். கிளாரிஃபையர் ஸ்லட்ஜைத் தேங்கவிடாமல் எடுங்கள்.

லேப் ரிப்போர்ட்டில் கரிம அழுக்கின் அளவைக் காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி. மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். நைட்ரேட்டையும் கேளுங்கள். சுத்திகரித்த தண்ணீரை ரீசார்ஜ் குழியில் விடுகிறவர்களுக்குக் கெஞ்சிச் சொல்கிறேன், அது போர்வெல்லுக்குத்தான் போகும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றி செறிவு கூடும்.

அப்புறம், மிக்ஸர் சிக்கிக்கொண்டது என்று யாரையும் அந்த டேங்குக்குள் இறக்காதீர்கள். நைட்ரேட் தீர்ந்துபோனால் அடுத்து சல்ஃபேட் பாக்டீரியாக்கள் கிளம்பும், அவை விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சுகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து. மிக்ஸரைச் செயின் போட்டு மேலே தூக்கித்தான் சரிசெய்ய வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள், பெயிண்ட் எல்லாம் அடுத்த ஆண்டு அடித்துக்கொள்ளலாம்.