இன்சுலின் ஊசியைக் குப்பையில் போடும் முன்

மருத்துவமனையில் 'ஷார்ப்ஸ்' என்றால் ஊசி மட்டும் இல்லை. தோலைக் குத்தவோ கிழிக்கவோ கூடிய எல்லாமே அதில் அடங்கும்: அறுவை பிளேடு, தையல் ஊசி, உடைந்த ஆம்பியூல் (மருந்து அடைத்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி), சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட். ஊசியும் பிளேடும் போட ஒவ்வொரு வார்டிலும் துளைபடாத வெள்ளை டப்பா இருக்க வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். அதே ஊசி வீட்டுக்கு வந்துவிட்டால் டீத்தூளோடும் வெங்காயத் தோலோடும் ஒரே பையில் போய்விடுகிறது.

சாப்பாட்டுக்கு முன் மூன்று, இரவு ஒன்று என்று இன்சுலின் போடுபவர், வேளைக்கொரு புது ஊசி எடுத்தால் மாதத்துக்கு 120 ஊசி ஆகும். லான்செட் கணக்கு தனி. அந்தப் பையைத் தூய்மைப் பணியாளர் தூக்கும்போது காலில் உரசும். பிரிக்கும்போது கையில் ஏறும். சாதாரண ரப்பர் கையுறை ஊசியைத் தடுக்காது. 'நாலு மில்லிமீட்டர் ஊசிதானே' என்று பலரும் நினைக்கிறார்கள். தோலின் தடிமனே ஏறத்தாழ 2 மி.மீ.தான்; அதைத் தாண்டிப் போவதற்காகவே அந்த நீளம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் தாக்குப்பிடிக்கும். குத்திய ஊசி யார் வீட்டு ஊசி என்றும் தெரியாது. அதனால் அந்தத் தொழிலாளி மாதக்கணக்கில் பரிசோதனைக்கு அலைய வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் தொற்று யாருக்கும் இல்லையென்றாலும் அவருக்கு அந்த அலைச்சல் மிச்சமாவதில்லை.

முதலில் மூடி. இன்சுலின் பேனாவின் (பேனா வடிவில் வரும் ஊசிக் கருவி) முனையில் திருகி மாட்டும் ஊசிக்கு இரண்டு மூடிகள்: ஊசியை ஒட்டியிருக்கும் சின்னது, அதற்கு வெளியே பெரியது. சின்னதைத் திரும்ப மாட்டப் போய்த்தான் வீட்டில் விரலைக் குத்திக்கொள்கிறார்கள். கழற்றியதும் அதை எறிந்துவிடுங்கள். ஊசி போட்டு முடித்ததும் பெரிய மூடியை மேசையில் வைத்து, ஒரு கையால் பேனாவைப் பிடித்து ஊசியை அதற்குள் நுழையுங்கள். மூடியைப் பிடிக்க மறு கை வர வேண்டாம். மேசையோடு சேர்த்து அழுத்திப் பொருத்திய பிறகு திருகினால், ஊசி மூடியோடு கழன்று வரும். பேனாவிலேயே ஊசியை விட்டுவைத்தால் காற்று உள்ளே போகும், மருந்து கசியும், அடுத்த வேளை அளவு தவறும். சிரிஞ்சு என்றால் மூடவும் வேண்டாம், ஊசியை வளைக்கவோ ஒடிக்கவோ வேண்டாம். முழுசாக அப்படியே டப்பாவுக்குள்.

டப்பாவுக்குச் செலவில்லை. துணி துவைக்கும் திரவமோ தரை துடைக்கும் திரவமோ வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் போதும். திருகு மூடி இருக்க வேண்டும், சாய்த்தாலும் ஊசி வெளியே வரக் கூடாது. தண்ணீர் பாட்டில் மெல்லியது, நசுங்கினால் ஊசி துளைத்துக்கொண்டு வரும். கண்ணாடி உடையும். பால் கவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முக்கால் பங்கு நிரம்பியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் திணிக்கும்போது உள்ளிருக்கும் ஊசி உங்கள் விரலையே குத்தும். மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றி, 'ஊசி உள்ளது, திறக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நிரம்பிய பாட்டிலை மக்காத குப்பையோடு போட்டால் பழைய பிளாஸ்டிக் கடைக்குப் போய், அங்கே யாராவது அறுத்துத் திறப்பார்கள். பட்ட பாடெல்லாம் வீண். பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவு என்றே 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. ஆகவே தூய்மைப் பணியாளரிடம் தனியாக, 'இதில் ஊசி இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சர்க்கரைக்குக் காட்டும் மருத்துவமனையிலோ ரத்தப் பரிசோதனை நிலையத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று அடுத்த முறை போகும்போது கேட்டுப் பாருங்கள். அதுவே நல்ல வழி. எரிப்பது, புதைப்பது, கழிப்பறையில் போடுவது மூன்றும் கூடாது.

சவர பிளேடையும் இதே பாட்டிலில் போடலாம். உடைந்த டம்ளரைச் செய்தித்தாளில் பல சுற்றுச் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே எழுதிக் கொடுங்கள்.

யாருக்காவது ஊசி குத்திவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கி ரத்தம் எடுப்பது, வாயில் வைத்து உறிஞ்சுவது, பிளீச்சிங் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் காயத்தைப் பெரிதாக்கும், கிருமியைத் தடுக்காது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். தேவையென்றால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். டெட்டனஸ் ஊசியும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்பதும் அப்போதே கேட்க வேண்டியவை. அந்தத் தடுப்பூசி 0, 1, 6-ஆம் மாதங்களில் மூன்று தவணை. குப்பை எடுக்கும் வேலைக்கு ஆள் சேர்க்கும் ஒப்பந்ததாரர்கள், கையுறை கொடுக்கும் அன்றே அதன் முதல் தவணையையும் போட ஏற்பாடு செய்ய வேண்டும்.