அண்ணனுக்கு உரிமை, தம்பிக்குக் குற்றம்: மலேசியாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கும்பகோணம் பக்கம் வக்கீலாக இருந்தால் மலேசியா சம்பந்தப்பட்ட காகிதங்கள் மேசைக்கு வராமல் இருக்காது. பாகப்பிரிவினை, பவர் பத்திரம், பினாங்கில் இருக்கும் பெரியப்பா மகனிடம் வாங்க வேண்டிய கையெழுத்து என்று தாத்தா காலத்துக் கப்பல் பயணத்தின் மிச்சம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது பிள்ளையை அங்கே படிக்க அனுப்பும் பெற்றோரும் கல்விக் கடனுக்கும் அஃபிடவிட்டுக்கும் வருகிறார்கள். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் அலசி விசாரித்திருப்பார்கள். அங்கே பிள்ளை எதைப் பேசலாம், எந்தக் கூட்டத்தில் நிற்கலாம் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்டால், "கிள்ளான்ல மாமா வீடு இருக்கு சார், அவர் பார்த்துக்குவார்" என்பார்கள்.

சிக்கல் அந்த மாமா வீட்டிலிருந்தே தொடங்கலாம். மாமா மகன் மலேசியக் குடிமகன். கோலாலம்பூரில் ஒரு பேரணி நடக்கிறது, அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கும் பேரணி. "வாடா தம்பி, சும்மா வேடிக்கை பார்த்துட்டு வரலாம்" என்று கூப்பிடுகிறான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கோஷம் போடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அண்ணன் செய்வது உரிமை, தம்பி செய்வது குற்றம். மலேசியாவின் 2012 அமைதிப் பேரணிச் சட்டம் 4-ஆம் பிரிவில், குடிமகன் அல்லாதவர் பேரணியை நடத்தவும் கூடாது, கலந்துகொள்ளவும் கூடாது என்று நேரடியாகச் சொல்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், நம் பணத்தில் சுமார் இரண்டு லட்சம் ரூபாய். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை ஆகியவற்றைத் தரும் அவர்கள் அரசியலமைப்பின் 10-ஆவது விதியும் 'குடிமக்கள்' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. நம் 19-ஆவது விதியும் அப்படித்தான், அதனால் இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, அண்ணனுக்கு இருக்கும் உரிமையாவது சும்மா கிடைத்ததா? இல்லை. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் அங்கே கோடு எங்கே இருக்கிறது என்று பிடிபடும்.

1974 கடைசியில் ரப்பர் விலை சரிந்து, கெடா மாநிலத்தின் பாலிங் பகுதியில் விவசாயக் குடும்பங்கள் பட்டினி கிடப்பதாகச் செய்தி பரவியது. மாணவர்கள் அவர்களுக்காகக் கோலாலம்பூர் தெருவில் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். இளைஞர் தலைவராக இருந்த அன்வார் இப்ராகிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பல மாதங்கள் விசாரணையின்றி அடைக்கப்பட்டார். அடுத்த வருடமே, 1971-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. அதன் 15-ஆவது பிரிவு மாணவர்களைக் கட்சி அரசியலின் பக்கமே போகவிடாமல் கட்டிப்போட்டது. கட்சியில் சேர்வது மட்டுமல்ல, கட்சிக்கு ஆதரவாகவோ எதிர்ப்பாகவோ ஒரு வார்த்தை சொல்வதும் வினையாக முடியலாம் என்ற நிலை.

முப்பத்தாறு வருடம் கழித்து அந்தக் கட்டு நீதிமன்றத்தில் உடைந்தது. 2010-இல் ஹுலு சிலாங்கூர் இடைத்தேர்தல் பிரச்சார நேரத்தில் தொகுதியில் இருந்தார்கள் என்பதற்காக, மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அரசியல் படிக்கிற பிள்ளைகள் தேர்தலைப் பார்க்கக் கூடாதாம்! அவர்கள் சட்டத்தையே எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அந்த விதி பேச்சுரிமைக்கு எதிரானது, செல்லாது என்றது. பல்கலைக்கழகம் சிந்தனையாளர்களை வளர்க்கும் இடம், ரோபோக்களைப் பழக்கும் இடமல்ல என்ற பொருளில் பெரும்பான்மை நீதிபதிகளில் ஒருவர் எழுதினார். 2012-இல் சட்டத்தைத் திருத்தி மாணவர்கள் கட்சியில் சேர வழிவிட்டார்கள். வளாகத்துக்குள் கட்சி வேலை செய்யக் கூடாது என்ற தடை 2018 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தோடு போனது. 1974-இல் சிறைக்குப் போன அன்வார் 2022 நவம்பரில் பிரதமரானார்.

வாக்குரிமையும் இப்படித்தான் இழுபட்டது. நமக்கு 1989-இல் 21 வயது 18 ஆனது. அவர்கள் 2019-இல் ஒருமனதாகச் சட்டம் நிறைவேற்றியும் நடைமுறைக்குக் கொண்டு வராமல் தள்ளிப்போட, இளைஞர்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில்தான் அமலானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 18 வயது மலேசியர் ஓட்டுப் போடலாம், ஆனால் பேரணி நடத்த 21 வயது ஆக வேண்டும். ஆக, மாமா மகனுக்கே வயது குறைவு என்றால் கலந்துகொள்ளலாம், ஏற்பாடு செய்யக் கூடாது.

இந்தச் சுதந்திரத்தை வைத்து அங்கே என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம். 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் நிதி ஊழல் வெளிவந்தபோது 2016 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த பேரணியை முன்நின்று நடத்தியவர்கள் மாணவர்கள். அமெரிக்க நீதித்துறை ஆவணத்தில் பெயர் சொல்லாமல் 'மலேசிய அதிகாரி 1' என்று குறிப்பிடப்பட்டவரை, அதாவது அன்றைய பிரதமர் நஜிப்பை, கைது செய் என்பதே கோரிக்கை. 2022-இல் கடற்படைக் கப்பல் விவகாரம் வந்தது. ஆறு கப்பல்களுக்கு 900 கோடி ரிங்கிட் ஒப்பந்தம், அதில் 600 கோடிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு சொன்னது. அதை எதிர்த்துக் கூட்டம் நடத்திய இளைஞர் ஒருவர் மீது போலீசுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று வழக்கு. 2025 ஜூலை 1 அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், தகவல் தெரிவிக்காததைக் குற்றமாக்கும் விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, "இனி யார் வேண்டுமானாலும் போகலாம் போல" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. தீர்ப்பு வெளிநாட்டவர் மீதான தடையைத் தொடவில்லை.

நம் பிள்ளைகள் ஏன் இதில் எளிதாகத் தடுக்கி விழுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். டெல்டாவில் போராட்டம் என்பது ஊர்த் திருவிழா மாதிரி பழகிப்போனது. காவிரி நீர், மீத்தேன், கதிராமங்கலம், ஜல்லிக்கட்டு என்று பள்ளி நாளிலிருந்தே சாலையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். இங்கேயும் விலை கொடுத்திருக்கிறார்கள். 1965-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்த சேலத்து மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்து, பிறகு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் இங்கே கைதானால் சாயங்காலம் கல்யாண மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற நினைப்பு பையன்கள் மனதில் ஊறியிருக்கிறது. அங்கே அது செல்லாது. மாணவர் பாஸ், அதாவது அங்கே தங்கிப் படிப்பதற்கான அனுமதி, நீங்கள் படிக்கும் நிறுவனத்தோடு பின்னிக் கிடக்கிறது. நிறுவனம் நீக்கினால் பாஸ் போகும், பாஸ் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கட்டிய கட்டணம் தண்ணீரில் எழுதிய கணக்கு, வங்கிக் கடன் மட்டும் அப்பா பெயரில் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று, நம்மவர்கள் பெரும்பாலும் சேர்வது தனியார் கல்லூரிகளில். அவற்றுக்கு 1996-இல் வந்த தனியார் உயர்கல்விச் சட்டம் பொருந்தும். அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாணவர் கையேடு என்று ஒன்று இருக்கும். அதில் ஒழுங்கு விதிகள் அத்தியாயத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே படித்துவிடச் சொல்வேன். யாரும் படிப்பதில்லை, அது வேறு.

பேரணிக்குப் போகாவிட்டாலும் கையில் போன் இருக்கிறதே. இனம், மதம், அரச குடும்பம் இந்த மூன்றையும் தொட்டு எழுதுவதை அங்கே மிகக் கடுமையாகப் பார்க்கிறார்கள். 1948 தேசத்துரோகச் சட்டமும் 1998 தகவல்தொடர்புச் சட்டத்தின் 233-ஆவது பிரிவும் அதற்குத் தயாராக இருக்கின்றன. 2025 பிப்ரவரியிலிருந்து அந்தப் பிரிவின் அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்ந்திருக்கிறது. மாமா வீட்டுக் குழுவில் வந்ததைப் பகிர்ந்தேன் என்பது சமாதானமாகாது.

அதற்காக வாயைக் கட்டிக்கொண்டு படி என்று பயமுறுத்தி அனுப்புவதும் எனக்குப் பிடிக்காது. விடுதி மோசம், சொன்ன கட்டணத்துக்கு மேல் கேட்கிறார்கள், பாஸ் புதுப்பிப்பதை இழுத்தடிக்கிறார்கள் என்றால் எழுத்தில் புகார் கொடுக்கலாம். முதலில் நிறுவனத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம், அடுத்து உயர்கல்வி அமைச்சு. நம் பக்கம் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் (ஹை கமிஷன்) இருக்கிறது, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம். கட்டண ரசீதும் ஏஜெண்டிடம் பேசிய வாட்ஸ்அப் பதிவுகளும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒருவேளை போலீஸ் பிடித்துவிட்டால்? காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையும் மலேசிய அரசியலமைப்பின் 5-ஆவது விதிப்படி எல்லாருக்கும் உண்டு, குடிமகனுக்கு மட்டுமல்ல. தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். மொழி புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. ஆனால் குடிநுழைவு (இமிகிரேஷன்) சட்டத்தின் கீழ் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அதே 5-ஆவது விதி 14 நாட்கள் என்று வைத்திருக்கிறது. அதனால் மாமாவின் எண்ணோடு சேர்த்து, தூதரகத்தின் எண்ணையும் அங்கேயுள்ள ஒரு வழக்கறிஞரின் எண்ணையும் பிள்ளை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளட்டும். பிடித்தவுடன் முதலில் வாங்கி வைப்பது போனைத்தான்.