நாட்டுக்கு ஒரு சி.இ.ஓ. போதுமா?

எம்.பி.ஏ. மாணவர்களுக்கு வணிகச் சூழல் பற்றிய பாடம் எடுக்கிறேன். தேசிய அரசியல் பேச்சு வந்தாலே வகுப்பில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “நாட்டைக் கம்பெனி மாதிரி நடத்தணும் சார். நல்ல சி.இ.ஓ. ஒருத்தர் இருந்தால் எல்லாம் சரியாகிடும்.” அவர்களுக்குப் பிடித்த கட்சிகள் வேறு வேறு. ஆனால் தலைவர்களுக்கு மார்க் போடும் விதம் ஒன்றுதான். யார் வேகமாக முடிவெடுக்கிறாரோ அவர் நல்ல தலைவர்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் நடத்தும் கேஸ் ஸ்டடிகளில் பெரும்பாலானவை துணிந்து முடிவெடுத்த ஒருவரின் வெற்றிக் கதைகள். ஆனால் தொழிற்சாலைக்கு இடம் தேடும் குழுவிலும் அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனத்திலும் நாளை உட்காரப்போவது இவர்கள்தான். அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்று புரியாமல் அங்கே போய் உட்கார்ந்தால் பாதிக்கப்படுவது மற்றவர்கள்.

அதனால் ஒவ்வொரு ஆண்டும் சிங்கூரைப் பற்றிப் பேசுகிறேன். மேற்கு வங்கத்தில் 2006இல் டாடாவின் நானோ கார் தொழிற்சாலைக்காக இடதுசாரி அரசு அங்கே சுமார் 997 ஏக்கரைக் கையகப்படுத்தியது. பயன்படுத்தியது 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டம். நிலத்துக்காரர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கே அந்தச் சட்டத்தில் இடமில்லை. பலர் இழப்பீட்டுக் காசோலையை வாங்க மறுத்தார்கள். போராட்டம் வலுத்தது. கட்டுமானம் பெருமளவு முடிந்திருந்த நிலையில், 2008 அக்டோபரில் டாடா வெளியேறி குஜராத்தின் சனந்துக்குப் போனது.

மாணவர்கள் இதை இரண்டு தலைவர்களின் கதையாகப் படிக்கிறார்கள்: தொழிலை விரட்டியவர், போராட்டத்தை முன்னின்று நடத்திய மம்தா பானர்ஜி; வரவேற்றவர், அப்போதைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடி. அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். விஷயம் அங்கே முடியவில்லை. அந்தக் கையகப்படுத்தல் செல்லாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் தர வேண்டும் என்று மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு 2023இல் நடுவர் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆரம்பத்தில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் ஓராண்டோ ஈராண்டோ ஆகியிருக்கலாம். பேசாமல் விட்டதன் கணக்கு பதினேழு ஆண்டுகள் ஓடியது. பிறகு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் நிலத்தை இழக்கும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் சம்மதம் வேண்டும் என்கிறது. குத்தகைக்காரரையும் கூலி வேலை செய்பவரையும்கூடப் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கில் சேர்க்கிறது. தொழில் தொடங்கப் போகிறவர்கள் இந்தச் சட்டத்தை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள்.

மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களிலும் இதுதான் நடந்தது. 2020 ஜூனில் அவசரச் சட்டம், செப்டம்பரில் மசோதா. நாடாளுமன்றக் குழு எதற்கும் அனுப்பாமல், மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. அந்தச் சட்டங்களை ஆதரித்த மாணவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். உங்களுக்குப் பிடித்த சீர்திருத்தமே நிலைக்காமல் போனதே, எதனால்?

ஜி.எஸ்.டி.யை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2006 பட்ஜெட்டில் அறிவித்தது, 2017 ஜூலை 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவே இரண்டு கூட்டணிகள் ஆண்டன. இந்த வரியை முடிவு செய்யும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். யாரும் தனியாக எதையும் சாதிக்க முடியாது. 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காகத்தான் அங்கே முதன்முறையாக வாக்கெடுப்பே நடந்தது. அதுவரை எல்லாம் பேசித் தீர்த்தவை. அந்த வரியில் குறைகள் நிறைய உண்டு. சிறு தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனாலும் அது நிற்கிறது.

“தாமதத்துக்கும் விலை இருக்கே சார்” என்று கேட்பார்கள். நியாயம்தான். பட்டறை வைத்திருக்கும் அப்பா ஓர் அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேகத்தைக் கேட்காமல் என்ன செய்யும்? ஆனால் அலுவலக மேஜையில் கோப்பு தூங்குவது வேறு, அவையில் மசோதாவை விவாதிப்பது வேறு. முன்னதை ஒழிக்க வேண்டும். பின்னதைக் காப்பாற்ற வேண்டும். இரண்டையும் ‘தாமதம்’ என்று ஒரே பெட்டியில் போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால் பங்கை விற்றுவிட்டுப் போகலாம். சிங்கூர் விவசாயி எங்கே போவார்? அதனால்தான் அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்ததும் இந்த ஏற்பாட்டினால்தான்.

இவ்வளவு பேசும் வகுப்பில், ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டால் பலர் தலை குனிகிறார்கள். ஊருக்குப் போக லீவு இல்லையாம். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் அந்த முகவரியிலேயே வாக்காளராகலாம். புதிதாகச் சேர படிவம் 6, ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் மாற்றிக்கொள்ள படிவம் 8. விடுதி முகவரிக்குக் கல்லூரியில் மாணவர் சான்றிதழ் வாங்கி இணைத்தால் போதும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடாமல், இந்த செமஸ்டரிலேயே முடித்துவிடுங்கள்.