புறநகரின் முகத்தைத் தீர்மானிக்கும் நான்கைந்து எண்கள்

"எங்கள் பகுதியின் அழகே போய்விட்டது" என்று வருத்தப்படுகிறவர்கள் உடனே யாரையாவது கைகாட்டுவார்கள். லாப ஆசை பிடித்த கட்டுநர், ரசனை கெட்ட பக்கத்து வீட்டுக்காரர், மாறிப்போன காலம் என்று அந்தப் பட்டியல் நீளும். நகரமைப்புத் துறையில் வேலை செய்யும் நான் அவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அந்த மனைக்கு என்ன விதி பொருந்துகிறது என்று பார்த்தீர்களா?" அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு தெரு எப்படித் தெரியப்போகிறது என்பது, செங்கல் வந்து இறங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஓர் அட்டவணையில் எண்களாக எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு வருகிற கட்டடக் கலைஞருக்கு மிஞ்சுவது, அந்த எண்களுக்குள் கதவையும் ஜன்னலையும் எங்கே வைப்பது என்ற கேள்விதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம் உள்ள மனை. பரப்பு 216 சதுர மீட்டர். முன்னாலும் பின்னாலும் 3 மீட்டர், இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது விதி. கட்டுவதற்குத் தரையில் கிடைப்பது 9க்கு 12, அதாவது 108 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற எண், 1.5 என்றால் எல்லாத் தளங்களும் சேர்ந்து மொத்தம் 324 சதுர மீட்டர் கட்டலாம். மூன்று தளத்தில் வேலை முடிந்துவிடும். இப்போது முன்பக்க இடைவெளியை மட்டும் 6 மீட்டர் ஆக்குங்கள். தரையில் 81 சதுர மீட்டர்தான் கிடைக்கும். அதே 324ஐ எட்ட நான்கு தளம் வேண்டும். தெருவுக்குக் காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று நல்லெண்ணத்தோடு மாற்றிய ஒரே ஓர் எண், கட்டடத்தைத் தெருவிலிருந்து விலக்கி, ஒல்லியாக்கி, உயர்த்திவிடுகிறது. கூடவே உயர வரம்பு மூன்று தளம் என்றும் இருந்தால், மனைக்காரருக்கு 81 சதுர மீட்டர் நஷ்டம். விதிகளைத் தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தோன்றும். ஒரே மனை மீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அவை என்ன செய்கின்றன என்று தெரியும்.

இதில் வாகன நிறுத்துமிட விதியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நான் பார்த்த வரையில் தெருவின் உயிரை அதிகம் உறிஞ்சுவது இதுதான். ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர் போதும். அதைத் திருப்பி வெளியே எடுக்கும் வழியையும் சேர்த்தால் ஏறக்குறைய 25 சதுர மீட்டர் ஆகிவிடும். அதே மனையில் நான்கு வீடு, வீட்டுக்கு ஒரு கார் என்று விதி கட்டாயப்படுத்தினால் 100 சதுர மீட்டர் போய்விடுகிறது. தரைத்தளம் மொத்தமும் தூண்களும் கார்களுமாக மாறுவதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை. நடந்து போகிறவர் கண்ணுக்கு இரும்புக் கதவும் அதற்குப் பின்னால் இருட்டும்தான் தெரியும். தெருவைப் பார்த்த ஜன்னல் இல்லை, வாசலில் நிற்கும் ஆள் இல்லை. இப்படி முப்பது மனை வரிசையாக வந்துவிட்டால் மாலை ஏழு மணிக்கு அந்தத் தெருவில் நடக்கவே தயக்கமாக இருக்கும். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் இந்தக் கட்டாயத்தை நகரம் முழுவதும் நீக்கியது. மினியாபொலிஸ் 2021இல் நீக்கியது. கார் நிறுத்தும் இடத்தை அந்த நகரங்கள் தடை செய்யவில்லை. எத்தனை வேண்டும் என்ற முடிவைக் கட்டுகிறவரிடம் விட்டுவிட்டன, அவ்வளவுதான்.

விதி வடிவத்தை உண்டாக்கும் என்பதற்குப் பழைய சான்று நியூயார்க். 1915இல் அங்கே எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம், மனையின் விளிம்பிலிருந்தே செங்குத்தாக உயர்ந்து அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் வெயிலை மறைத்தது. மறு ஆண்டே, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்று நகரம் விதி செய்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் வந்த படிக்கட்டு வடிவக் கோபுரங்களைப் பலர் அந்தக் காலத்துக் கலைப்பாணி என்று மட்டும் நினைக்கிறார்கள். அந்தப் படிகளை முதலில் வரைந்தது சட்டம்.

புறநகருக்கு வந்தால், 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்லிட் என்ற சிற்றூரின் வழக்கில் தந்த தீர்ப்புதான் திருப்புமுனை. வீடு தனி, கடை தனி, தொழிற்சாலை தனி என்று நிலத்தைப் பிரித்து வைக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு என்று அது சொன்னது. புகை கக்கும் ஆலையைக் குடியிருப்பிலிருந்து பிரித்ததில் தவறே இல்லை. ஆனால் அதே தீர்ப்பு அடுக்குமாடிக் கட்டடத்தையும் ஒட்டுண்ணி என்றது. தனி வீடுகளின் காற்றையும் அமைதியையும் உறிஞ்சுகிறதாம். இன்றும் ஆட்சேபணைக் கூட்டங்களில் இந்த வாதம் ஏறக்குறைய இதே வடிவில் வருகிறது. "பகுதியின் தன்மையைக் காக்க வேண்டும்" என்று எழுந்து பேசுகிறவர் மரத்தையும் வெளிச்சத்தையும் காக்க நினைக்கிறாரா, வாடகைக்கு வருகிறவர்களை வரவிடாமல் செய்ய நினைக்கிறாரா என்று நாம் பிரித்தறிய வேண்டும். லூயிவில் நகரம் இன அடிப்படையில் குடியிருப்புகளைப் பிரித்த விதியை அதே நீதிமன்றம் 1917இல் செல்லாது என்றது. ஆளைச் சொல்லித் தடுக்க முடியாதபோது, மனையின் குறைந்தபட்ச அளவைப் பெரிதாக்கினாலே போதும். பணம் இல்லாதவர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள். அட்டவணையில் அதுவும் வெறும் எண்ணாகத்தான் நிற்கும்.

மனை அளவுக்கு உள்ள சக்தியை அமெரிக்காவின் ஹூஸ்டனில் தெளிவாகப் பார்க்கலாம். வீடு, கடை, ஆலை என்று நிலத்தைப் பிரிக்கும் வகைப்பாட்டுச் சட்டமே இல்லாத பெருநகரம் என்று அதற்குப் பெயர். ஆனால் மனையின் குறைந்தபட்ச அளவுக்கு அங்கேயும் விதி இருந்தது. 1998இல் நகரின் உள்வட்டப் பகுதிக்கு அதை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை குறைக்க வழிசெய்தார்கள். ஒரு தனி வீடு இருந்த இடத்தில் மூன்று நான்கு குறுகிய வீடுகள் தோளோடு தோள் நிற்கத் தொடங்கின. அந்தப் பகுதிகளின் தோற்றம் அதோடு மாறிப்போனது.

வகைப்பாடு இறுக்கமாக இருந்தால் தெரு செத்துப்போகும் என்றும் சொல்ல மாட்டேன். ஜப்பானில் மிகக் கண்டிப்பான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்தில் உயர வரம்பு 10 அல்லது 12 மீட்டர்தான். ஆனாலும் வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்கு அனுமதி உண்டு. கடைப் பகுதி 50 சதுர மீட்டரையும் கட்டடப் பரப்பில் பாதியையும் தாண்டக் கூடாது, அவ்வளவே. அதனால் அமைதியான தெருவிலும் ஒரு தையல்காரரோ முடிதிருத்துபவரோ இருக்க முடிகிறது, வயதானவர்கள் நடந்தே போய்வர முடிகிறது. நாம் எழுதும் விதிகளில் இந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று நான் பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லி வருகிறேன்.

இந்த எண்களை எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட ஒரே திட்டத்தில் வழிவிட்டது. மாற்றவே முடியாமல் நிற்பது தெருக்களின் அமைப்பு. 1666 பெருந்தீயில் எரிந்துபோன லண்டனுக்குப் புதுப்புதுத் திட்டங்கள் வரைந்தும், கடைசியில் நகரம் பெரும்பாலும் பழைய தெருக்களின் மேலேயே எழுந்தது. அதனால் புதிய மனைப்பிரிவு வரைபடம் கையில் கிடைத்தால் வீட்டின் படத்தை ஒதுக்கிவிட்டுச் சாலைகளைப் பாருங்கள். முட்டுச் சந்துகள் எத்தனை? பக்கத்து மனைப்பிரிவோடு இணைய வழி இருக்கிறதா? நடந்து போகிறவர் அடுத்த திருப்பத்துக்கு எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும்?

வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும்போது பலர் வண்ண வரைபடத்தைப் பார்த்து, தங்கள் மனை குடியிருப்பைக் குறிக்கும் மஞ்சளில் இருக்கிறதா என்று மட்டும் தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இணைப்பில் இருக்கும் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு தெருவை மனதில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் வீட்டை இந்தப் புதிய விதியில் கட்ட முடியுமா என்று மனை மனையாகப் பொருத்திப் பாருங்கள். முடியாது என்றால் எந்த எண் தடுக்கிறது என்று குறித்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டே எழுத்துப்பூர்வமாக ஆட்சேபணை கொடுங்கள். "அழகு கெடும்" என்று எழுதினால் கோப்பில் போய்ப் படுத்துவிடும். "முன்பக்க இடைவெளி 6 மீட்டருக்குப் பதில் 3 போதும், காரணம் இது" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். விலக்கு அளிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, கொடுத்த விலக்குகளின் பட்டியல் வெளியிடப்படுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.