பசிக்க நேரம் கொடுங்கள்

கொழும்பில் என்னிடம் வரும் தாய்மார் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு: "டொக்டர், இவன் ஒன்றுமே சாப்பிடுகிறான் இல்லை." பசி மருந்து எழுதித் தரும்படியும் கேட்பார்கள். நான் ஒரு தாளை எடுத்து, நேற்று எழுந்தது முதல் படுக்கும்வரை பிள்ளையின் வாய்க்குள் போனதை எல்லாம் நேரத்தோடு சொல்லச் சொல்வேன்.

அண்மையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த 6 வயதுப் பையனின் தாள் இது. காலை 5.30க்கு, இரண்டு கரண்டி சீனி போட்ட மோல்ட் பால். பாடசாலை வான் வண்டியில் கிரீம் பிஸ்கட். இடைவேளையில் சீனிப் பணிஸ். 2 மணிக்கு வீட்டுப் படியேறியதும் பழச்சுவைப் பானம் ஒரு பெட்டி. அரை மணி கழித்துச் சோறு. நாலு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான். 4 மணிக்குப் பாண்காரரின் முச்சக்கரவண்டிப் பாட்டுக் கேட்டதும் மாலு பணிஸ் (மீன் பணிஸ்), கூடவே அம்மம்மாவின் பால் தேநீர். இரவில் கைப்பேசியைக் காட்டி ஊட்டியது ஒன்றரை இடியப்பம்.

"இதில் அவனுக்குப் பசிக்க எங்கே நேரம் இருந்தது, அம்மா?" என்று கேட்டேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு வேலைக்கு ஓடும் பெண்.

பையனின் நிறை வயதுக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளிறிக் கிடந்தது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 10.1 கிராம், இந்த வயதில் 11.5க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. மாவும் சீனியும் இரத்தத்துக்கு வேண்டிய இரும்பைத் தராவிட்டாலும் நிறையைக் காப்பாற்றிவிடுகின்றன, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வகுப்பில் சோர்ந்திருக்கிறான், கவனம் இல்லை என்று ஆசிரியர் சொன்ன பிறகுதான் கூட்டி வருகிறார்கள்.

தேநீரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்பது பாசம். ஆனால் தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம். பெரியவர்களும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. இதற்கு நேர்மாறான வேலையைச் செய்வது தேசிக்காய். முருங்கையிலை வறையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் அரைத் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள்; வல்லாரைச் சம்பலுக்கு எப்படியும் பிழிவோம். கூடவே ஒரு துண்டு மீன் இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். விலை கூடிய மீன் தேவையில்லை, நெத்தலி போதும்.

பானப் பெட்டிகளில் நிறக் குறியீடு இருப்பதைப் பல பெற்றோர் கவனித்ததே இல்லை. இலங்கையில் 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் செம்மஞ்சள். செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான். 200 மில்லிலீற்றர் பெட்டி ஒன்றில் அது 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி சீனி.

அந்தக் குடும்பத்திடம் நான் கேட்டவை அதிகமில்லை. விடியற்காலைப் பாலைப் பாதியாக்கிச் சீனியை நிறுத்துவது. இடைவேளைக்கு அவித்த கடலையோ கௌபியோ, கொய்யாத் துண்டுகளோ கட்டிக் கொடுப்பது. பாடசாலை விட்டு வந்ததும் தண்ணீர், உடனே சோறு. எதை, எப்போது கொடுப்பது என்பதை வீட்டார் தீர்மானிக்கட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். தட்டோடு பின்னால் ஓட வேண்டாம். முதல் நான்கைந்து நாள் அழுவான், அம்மம்மாவுக்குத்தான் அது பெரும் வேதனை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன்.

இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் தாய் பதறிக்கொண்டு அழைத்தார்: மலம் கறுப்பாகப் போகிறது, மருந்தை நிறுத்திவிட்டேன் என்றார். இரும்பு மருந்து குடிக்கும்போது அப்படித்தான் போகும், பயமில்லை. பாலோடும் தேநீரோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். முகத்தில் தெளிவு வந்துவிட்டதே என்று இடையில் நிறுத்தவும் வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும், உடலில் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்கு இன்னும் மூன்று மாதமளவு தேவைப்படும்.